கடைசி நாள்தான் மலை

2023 நவம்பர் 4, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, காபி குடித்துக்கொண்டே முந்தின நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். வெள்ளிக்கிழமை கண் சொருகியதால் பாதியில் விட்டிருந்தேன். பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அன்று காவிரித் தண்ணீர் வராத முறை என்பதால் துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். தெருமுனை இஸ்திரி வண்டியில் புடவைகளைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பத்து மணிக்குள் சமையல் முடிந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் கூடுதலாக வைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று நான் பெங்களூரில் இருந்திருக்கக் கூடாது. பூட்டானில், பாரோ பள்ளத்தாக்கின் மேலே, பாறையின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடாலயத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்திருக்க வேண்டும். என்னோடு ரெஜினா. எங்களுக்கு முன்னால், அந்தப் பயணத்தை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை வகுத்தவள். ஆனால் நான் பொம்மனஹள்ளியில் நான்கு தெரு தள்ளியிருக்கும் அவளுடைய வீட்டுக்குக் குழம்பு டப்பாவோடு நடந்துகொண்டிருந்தேன். அவளும் வீட்டில்தான் இருந்தாள்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. இப்போது அவள் இந்த ஊரில் இல்லை. அண்ணன் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போனார்கள். அவளும் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனாள். பொங்கலுக்கு ஒரு கரும்புப் படம் அனுப்புகிறாள். நான் ஒரு பானைப் படம் அனுப்புகிறேன். எங்களுக்கிடையில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

ஹெப்பகோடியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூவரும் வேலை பார்த்தோம். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ரெஜினா கணக்குப் பிரிவில். அவள் டிஸ்பாட்ச் பிளானிங்கில். எந்தச் சரக்கு எந்த லாரியில் எப்போது கேட்டைத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. அந்த மேசையில் அவளுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. பிளான்ட் மேனேஜரே வந்து நின்றாலும், "இன்னிக்கு முடியாது சார், நாளைக்கு ரெண்டாவது ஷிஃப்ட்ல தரேன்" என்று தலை நிமிராமல் சொல்வாள். லாரிக்காரர்கள் அவளைக் கண்டால் பீடியை அணைப்பார்கள்.

அதே பெண் தன் சொந்தக் காரியம் எதுவானாலும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்."

சம்பள உயர்வு மனுவுக்குக் கையெழுத்து வாங்க வந்தால், கேட்டுட்டு சொல்றேன். ரெஜினாவின் தங்கை கல்யாணத்துக்குக் கோலார் தங்கவயலுக்கு வருகிறாயா என்றால், கேட்டுட்டு சொல்றேன். தீபாவளிக்குக் கம்பெனி கொடுக்கும் புடவையில் பச்சையா நீலமா என்றால், அதற்கும் கேட்டுட்டு சொல்றேன். கேண்டீனில் மோர் ஊற்றும் சிவண்ணா அவள் தட்டோடு வரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மேடம், மஜ்ஜிகே பேக்கா? இல்லா மனெல்லி கேள்கொண்டு பர்தீரா?" மோர் வேண்டுமா, இல்லை வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறீர்களா என்று.

"கேளித்தீனி சிவண்ணா. அர்த லோட்டா ஹாக்கி." கேட்டுவிட்டேன், அரை டம்ளர் ஊற்றுங்கள் என்று அவளும் கன்னடத்திலேயே பதில் சொல்வாள். வரிசையில் நிற்பவர்களில் அவள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும்.

வீடு என்றால் அண்ணன், அண்ணி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், அண்ணியின் அம்மா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அந்த வீட்டை நன்றாகத் தெரியும். அங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அவள் எதைக் கேட்டாலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எதற்கும் அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னதே இல்லை.

அத்திபெலேயில் கம்பெனி புதிய கிடங்கு திறந்தபோது அதற்குப் பொறுப்பாக அவளைப் போடுவதாக இருந்தது. வழக்கம்போல் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனாள். மறுநாள் வந்து மேனேஜரிடம் முடியாது என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே ஒரு கிரகப்பிரவேசத்தில் அவள் அண்ணனைப் பார்த்தேன். நேராகவே கேட்டேன்.

"ஏன் சார் வேணாம்னுட்டீங்க?"

அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "நான் எப்பம்மா வேணாம்னேன்? உன் இஷ்டம்னுதானே சொன்னேன். பஸ்ஸு லேட்டாச்சின்னா ஓசூர் ரோட்ல நானே வந்து நிக்கிறேன், எனக்கு பீ.பி. இருந்தா இருக்கட்டும், நீ அதப் பாக்காதன்னுகூட சொன்னேன். நீங்களே அவளக் கேளுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஸ்டோர்ஸில் ஒருவர் இருந்தார். மனைவி இறந்து சில வருஷம் ஆனவர். அமைதியானவர். ரெஜினா மூலமாக அவளிடம் பேச்செடுத்தார். அவள் முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன். அதற்கும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவரை நல்ல மனுஷன் என்று அண்ணன் சொன்னாராம். அண்ணி, "தாராளமா பண்ணிக்கோ. எனக்குதான் ஒரு கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும், அத விடு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அந்த மனிதர் இரண்டு பொங்கல் காத்திருந்தார். பிறகு தர்மபுரியில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார். ஹெப்பகோடி மண்டபத்தில் நடந்த அந்த வரவேற்பில், வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் இவள்தான். யாரும் கேட்காமல் அவளே போய் நின்றாள்.

பூட்டான் பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. மழையில் பஸ் நகராமல் நின்ற ஒரு மாலை, அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். மலைகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்த அகலமான பள்ளத்தாக்கு. அதில் கொக்குகள் வந்து இறங்குகின்றன.

"திபெத்துலேருந்து வருதாம். எறங்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற மடாலயத்த மூணு சுத்து சுத்துமாம். கோயில் சுத்தற மாதிரி."

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "கொக்கு பாக்க பூட்டான் போவணுமாடி? பேகூர் ஏரியில ஒத்தக்கால்ல நின்னுக்கினு இருக்குது, போய்ப் பாரு. ஆட்டோ சார்ஜ் நான் தரேன்."

"அது இங்கயே கெடக்கற கொக்கு. இது வந்துட்டுப் போற கொக்கு," என்றாள் அவள்.

அன்று விளையாட்டாகத்தான் பேசினோம். ஒரு வாரத்துக்குள் அவள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். ஏழு நாள் பயணம். திம்பு, புனாக்கா கோட்டை, கொக்குகள் வரும் போப்ஜிக்கா பள்ளத்தாக்கு, கடைசியில் பாரோவும் மலையேற்றமும். எனக்கும் ரெஜினாவுக்கும் விமானம் இறங்கும் பாரோவிலேயே முதலில் மலையை ஏறி முடித்துவிடலாம் என்று தோன்றியது. அதன்பிறகு நிம்மதியாக ஊர் சுற்றலாமே.

"கடேசி நாள்தான் மலை," என்றாள் அவள். "மொத நாளே ஏறினா மூச்சு நிக்கும். ஒடம்பு அந்தக் காத்துக்குப் பழகணும். லாரி எப்ப கேட்டத் தாண்டணும்? அதுலேருந்து பின்னாடி வா. மலைக்கு முந்தின நாள் சீக்கிரம் தூங்கணும். அன்னிக்கு நீளமா வண்டியில ஒக்காரக் கூடாது. அப்ப போப்ஜிக்கா எப்ப வருது? பாத்துக்க."

அவளுடைய வேலையில் அப்படித்தான். முடிவிலிருந்து பின்னோக்கி வருவாள். ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கும். எதிர்த்துப் பேச ஓர் ஓட்டைகூட இருக்காது.

பாரோவில் பேமா என்ற வழிகாட்டியைப் பிடித்தாள். இருவருக்கும் இந்திதான் பொது மொழி. இவளுக்கு அது அரைகுறை. கொக்குக்கு இந்தியில் என்ன சொல்வது என்று தெரியாமல், "நீளக் கழுத்துப் பறவை" என்று சொல்லி, தலைக்கு மேல் கையைத் தூக்கி மணிக்கட்டை வளைத்துக் காட்டுவாள். போனில். ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அவருக்கு நல்லா தெரியுதாம், இன்னுங் கொஞ்சம் கழுத்த நீட்டு!" அங்கே ஆதார் அட்டை செல்லாது, வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும் என்று கண்டுபிடித்து, ரெஜினாவைத் தங்கவயலுக்கு அனுப்பி அம்மா வீட்டுப் பீரோவிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துவர வைத்தாள். அந்த ஊரில் பச்சைமிளகாயையே காய்கறிபோல் பாலாடைக்கட்டியில் போட்டுச் சமைக்கிறார்கள் என்று தெரிந்ததும், வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு அதைச் செய்து கொண்டுவந்தாள். ரெஜினா கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு, "ஆந்திரா மெஸ்ஸுக்கு மஃப்ளர் சுத்தின மாதிரி இருக்குது" என்றாள்.

பயிற்சிக்காக மாகடிப் பக்கம் சாவனதுர்க்கா போனோம். ஒரே பாறை. பிடிக்க ஒன்றும் இல்லாத, வழவழவென்று வானத்துக்குப் போகிற பாறை. நானும் ரெஜினாவும் நாலு காலில் தவழ்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறீர்களா என்று கேட்கவில்லை. உச்சி மண்டபத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நந்திக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முந்தானை காற்றில் படபடத்தது. நான் அறிந்த வருஷங்களில் அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் செய்த ஒரே காரியம் அந்த ஏற்றம்தான்.

இறங்கும்போது சொன்னாள்: "இந்த தடவ வீட்ல கேக்கப் போறதில்ல. சொல்லப் போறேன்."

"செப்பு, சொல்லிடு! இதத்தானே நான் பத்து வருஷமா சொல்றேன்," என்று ரெஜினா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சொல்லவும் செய்தாள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே அவள் முகத்தில் ஏதோ குழப்பம் தெரிந்தது. வீட்டில் கோபப்பட்டார்களா என்று கேட்டேன்.

"இல்ல. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவங்களும் வர்றாங்களாம்."

அண்ணன் மகள் குதித்தாளாம். அண்ணி, கல்யாணமானதிலிருந்து ஒரு ஊருக்கும் போனதில்லை என்றாளாம். அண்ணன் அவளுடைய திட்டத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, இதைவிட நன்றாக எந்த டிராவல்ஸ்காரனும் போட முடியாது என்றாராம். அண்ணியின் அம்மா அப்போது நடமாடிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஏழு நாளும் ஓசூரில் மகன் வீட்டில் இருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போவதாக அண்ணன் எனக்கே போன் செய்தார். "நீங்களும் கட்டாயம் வரணும்மா. என்ன, வண்டி பெருசா பாக்கணும், ரூமு பாப்பாவோட சேர்ந்து எடுத்துக்கணும். குடும்பம் மாதிரிதானே." அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நானும் ரெஜினாவும் அன்றைக்கே விலகிக்கொண்டோம். பேமாவிடம் பேசி, மார்ச் மாதத்துக்கு மூன்று பேர் என்று தனியாகச் சொல்லி வைத்தோம். மார்ச்சில் கொக்குகள் கிளம்பிப் போயிருக்கும். மலை இருக்கும். அவளுக்கு இரண்டாவது தடவையாக இருந்தாலும் எங்களோடு ஒரு தடவை வரட்டும் என்று நினைத்தோம்.

அக்டோபரில், பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அண்ணியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை. படுக்கை.

ஆயுத பூஜை அன்று கடலைப்பொரி கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். பூஜை போட்ட ஸ்கூட்டரில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்:

"கேன்சல் பண்ணிடலாம்னு இருக்கோம்மா. எல்லாருமே."

"ப்பா!" என்றாள் மகள். கண்ணில் நீர் தயாராக இருந்தது.

"நீங்க மூணு பேரும் போங்க," என்றாள் அண்ணி. "நான் அம்மாகூட இருக்கேன். நான் எந்த ஊரப் பாத்திருக்கேன், இதப் பாக்காம போறதுக்கு."

"நீ இல்லாம நாங்க எப்படிப் போறது?"

"பரவால்லங்க. எனக்குப் பழக்கம்தானே."

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மகள் மூக்கை உறிஞ்சினாள். அண்ணி பொரித் தட்டிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்தாள். கதவோரம் நின்றிருந்த என் தோழியை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள். எனக்கே அது தெரிந்தது.

நான் குறுக்கே பேசினேன். "எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்சம்மா இருக்காங்க. ஏழு நாள் வீட்டோட தங்கிப் பாத்துப்பாங்க. நானும் தினம் வந்து பாக்கறேன்."

"ரொம்ப தேங்க்ஸுங்க," என்றாள் அண்ணி மென்மையாக. "ஆனா வெளியாளு தொட்டா அம்மா ஒத்துக்க மாட்டாங்க. சாப்பாடே எறங்காது."

அண்ணன் மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் இருக்கேன் அண்ணி. நீங்க மூணு பேரும் போங்க," என்றாள் அவள்.

"ச்சே ச்சே!" அண்ணன் எழுந்தே விட்டார். "பிளானே உன்னோடது. நீ இல்லாம என்னாம்மா இது."

"நீங்க போனா நான் போன மாதிரிதான் அண்ணா."

"உனக்கு வருத்தம் ஒண்ணுமில்லியே?"

"இல்லண்ணா."

"நீயா சொல்றதுனால சரிங்கறேன்," என்றார் அவர். மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "அத்த, யூ ஆர் த பெஸ்ட்" என்றாள். அண்ணி எனக்குக் காபி போட உள்ளே போனாள். காபி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் முழுவதும் அவள் அவர்களைத் தயார் செய்தாள். எந்த விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பனிமலை தெரியும், மடாலயத்துக்குள் போகுமுன் போனை வெளியே வைத்துவிட வேண்டும், கோட்டைக்குள் முழுக்கை போட்டுக்கொள்ள வேண்டும் என்று. தனக்கென்று வாங்கிய மலையேற்றக் கோல்களை அண்ணனிடம் கொடுத்தாள். ஷூ மட்டும் அண்ணன் மகளுக்குப் பொருந்தவில்லை. அது கொஞ்சம் பெரிது. சாக்ஸை இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

இப்படியாக அந்தச் சனிக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நின்றுகொண்டே இருந்திருப்பாள் போலிருக்கிறது. டப்பாவை வாங்கி மேசையில் வைக்கும்போதே வீடியோ அழைப்பு வந்தது.

திரையில் அண்ணன் மகளின் முகம், வியர்வையோடு. "அத்த! இவ்ளோ செங்குத்துன்னு நீ சொல்லவே இல்ல! என் முட்டி காலி!"

"சொன்னேன் கண்ணு. பாதி வழியில டீக்கட வந்துச்சா? அங்க ஒக்காந்தீங்களா? இப்ப எங்க இருக்கீங்க, கொடி கட்டியிருக்கற எடமா? அப்ப இனிமே படி எறங்கும். எறங்கினா அருவி. அங்க சிலுசிலுன்னு இருக்கும், அம்மாவ ஸ்வெட்டர் போடச் சொல்லு."

"ஸ்வெட்டர் வண்டியிலயே விட்டுட்டோம்."

"அய்யய்யோ. சரி, அருவிகிட்ட நிக்காம நடந்துடுங்க. கண்ணு, அந்த மடாலயத்தக் கொஞ்சம் காட்டேன்."

திரை ஒரு சுற்றுச் சுற்றியது. வானம், ஏதோ கொடிகள், யாரோ ஒருவரின் தொப்பி, வெள்ளையாக ஒரு சுவர் என்று நினைக்கிறேன். மறுபடி அந்தப் பெண்ணின் முகமே வந்தது. இங்கே என் தோழி போனைக் கண்ணருகே கொண்டுபோயிருந்தாள்.

அண்ணன் போனை வாங்கினார். "எல்லாம் உன் ஏற்பாடும்மா. ஒரு கொறையில்ல. பேமா தங்கமான ஆளு."

"அண்ணா, கொக்கு வந்துடுச்சா? நெறையா இருந்துச்சா?"

"எந்தக் கொக்கு?"

"போப்ஜிக்காவுல. புதன்கிழம."

"ஓ, அதுவா. அந்த ரோடு ஒரே வளைவாம்மா. உன் அண்ணிக்கு வாந்தி வந்துடும்னு பாப்பா சொன்னா. திம்புலயே ஒரு நாள் கூட இருந்துட்டோம். நல்ல மார்க்கெட்டு. உனக்கு ஒரு சால்வ எடுத்திருக்கு."

"பரவால்லண்ணா," என்றாள். "வாந்தி எடுத்தா கஷ்டந்தானே. பாத்து எறங்குங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "பாத்தியா, சொன்ன நேரத்துக்குக் கரெக்டா கொடிகிட்ட வந்துட்டாங்க." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் பொய்யென்று நினைக்க விரும்பினேன். பொய்யில்லை.

உள்ளே படுக்கையிலிருந்து குரல் வந்தது. இருவரும் போனோம். அவள் அந்த அம்மாளைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"மேல ஏறிட்டாங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"ஏறிட்டாங்கம்மா."

"நீயும் போயிருக்கலாமே. எனக்கென்ன, ஒரு ஆள வெச்சிருந்தா போதும்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள். "அடுத்த தடவ போறேன்மா."

சமையலறைக்கு வந்ததும் நான் வெடித்தேன். "கேட்டியா? ஆள வெச்சா போதும்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. அன்னிக்கு உங்க அண்ணி என்ன சொன்னாங்க? அந்த அம்மாவ யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நான் கேட்டேன்," என்றாள். "நீ நர்சம்மான்னு சொன்ன அன்னிக்கு, நீ போனப்புறம் கேட்டேன். சரின்னாங்க."

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"அண்ணி மொகத்தப் பாத்தேன். சொல்லல."

"உனக்கு அறிவிருக்கா? உனக்குன்னு ஒரு தடவ..."

"கத்தாத, உள்ள கேக்கும்." அவள் குழம்பைக் கிண்ணத்தில் மாற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "உனக்குத் தனியா ஒரு வீடு இருக்கு. பூட்டிட்டுப் போவ, வந்து தெறப்ப. எனக்கு அப்படியில்ல. கேட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் நான் இந்த வீட்டு மனுஷி. கேக்காம ஒரு தடவ போயிட்டு வந்தேன்னா, விருந்தாளி. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லாதான் பேசுவாங்க. ஆனா எனக்கு வயசாவும்போது இந்த மாதிரி திருப்பிப் படுக்க வெக்கறதுக்கு யாரு வருவா? நீ வருவியா? ரெஜினா வருவாளா?"

வருவேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகக் காத்திருந்ததாகவும் தெரியவில்லை. தட்டைப் போட்டாள். சாப்பிட்டோம். குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்றாள், சரிதான்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "மார்ச்சுக்கு என் பேரு இருக்கட்டும், எடுத்துடாத. அவங்க வந்து செட்டிலான ஒடனே பேசிப் பாக்கறேன்."

சரி என்றேன். இஸ்திரி வண்டியில் புடவைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாலை மழை பெய்தது. அன்றைய குறிப்பில் அவர்கள் கொடி கட்டிய இடத்தை அடைந்ததையும், போப்ஜிக்காவுக்குப் போகாததையும் எழுதிவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், ரெஜினாவுக்கு போன் செய்தேன். மார்ச்சுக்கு நாம் இரண்டு பேர்தான், பேமாவிடம் சொல்லிவிடு என்றேன்.

"அவள ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் ரெஜினா, தூக்கக் குரலில்.

கேட்கவில்லை என்றேன்.